‘வேலை கிடைத்தால் வருவேன்’ - இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வீர்கள்?

‘எனக்கு இந்த வேலை கிடைத்தால் சென்னைக்கு வந்துவிடுவேன்.’

ஆறே வார்த்தை. இதை ஒரு நிமிடம் மனதுக்குள் இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டீர்களா? இப்போது கீழே இருக்கும் நான்கில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

‘இஃப் ஐ வில் கெட் திஸ் ஜாப், ஐ வில் மூவ் டு சென்னை.’

‘இஃப் ஐ வுட் கெட் திஸ் ஜாப், ஐ வுட் மூவ் டு சென்னை.’

‘இஃப் ஐ கெட் திஸ் ஜாப், ஐ வில் மூவ் டு சென்னை.’

‘இஃப் ஐ காட் திஸ் ஜாப், ஐ வுட் மூவ் டு சென்னை.’

முதல் இரண்டும் தப்பு. மூன்றாவதும் நான்காவதும் சரி. இலக்கணப்படி இரண்டிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால், இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றல்ல. ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பும்போது மூன்றாவதற்குப் பதில் நான்காவதை அனுப்பிவிட்டால், எதிரே இருப்பவர் உங்களைப் பற்றி வேறு ஒரு முடிவுக்கு வரலாம். இந்த வாரம் அந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் அந்த ‘இஃப் ஐ வில்’ விஷயத்தை முடித்துவிடுவோம். நடக்கப்போவது நாளைக்கு. அப்புறம் ஏன் ‘வில்’ போடக் கூடாது? நியாயமான கேள்விதான். ஆனால், இதே கேள்வியை நாம் தமிழைப் பார்த்துக் கேட்டதே இல்லை. ‘நாளைக்கு மழை பெய்தால் ஸ்கூல் லீவு’ என்கிறோம். ‘பெய்தால்’ என்ற சொல்லைப் பிரித்தால் பெய் + த் + ஆல். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு அந்த நடுவில் இருக்கும் ‘த்’ ஞாபகம் வரும். அது இறந்தகால இடைநிலை! நாளைக்குப் பெய்யப்போகும் மழையைப் பற்றிப் பேசும்போது நேற்றைய அடையாளத்தை மாட்டிக்கொண்டு பேசுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ஏனென்றால், அந்த இடத்தில் ‘த்’ காலத்தைச் சொல்லவில்லை. காலத்தைச் சொல்லும் வேலையை ‘நாளைக்கு’ என்ற சொல் பார்த்துக்கொள்கிறது.

இங்கிலீஷும் இதைத்தான் செய்கிறது. நாம் இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டோம், அவர்கள் நிகழ்காலத்தை எடுத்துக்கொண்டார்கள். ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, ஸ்கூல்ஸ் வில் பீ க்ளோஸ்ட்.’ நிபந்தனை இருக்கும் பாதியில் ‘ரெயின்ஸ்’. விளைவு இருக்கும் பாதியில் ‘வில்’. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலும் இதுவேதான்: ‘ஸ்கூல்ஸ் வில் பீ க்ளோஸ்ட் இஃப் இட் ரெயின்ஸ்.’ இப்படித் திருப்பும்போது நடுவில் கமா தேவையில்லை, அவ்வளவுதான்.

விளைவுப் பாதியில் ‘வில்’ மட்டும்தான் வர வேண்டும் என்றும் இல்லை. டாக்டர் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். ‘இஃப் த ஃபீவர் கம்ஸ் பேக், ப்ரிங் ஹிம் டுமாரோ.’ காய்ச்சல் திரும்ப வந்தால் நாளைக்குக் கூட்டிவாருங்கள். இங்கே கட்டளை வந்திருக்கிறது. ‘மே’, ‘மைட்’, ‘கேன்’, ‘ஷுட்’ எல்லாமே வரலாம். ‘இஃப் வி லீவ் நௌ, வி மைட் கேட்ச் த லாஸ்ட் பஸ்’ என்றால் கடைசி பஸ்ஸைப் பிடித்தாலும் பிடிக்கலாம். ‘வி வில் கேட்ச்’ என்றால் கண்டிப்பாகப் பிடித்துவிடுவோம். ஊருக்குப் போகும் கடைசி பஸ் விஷயத்தில் நான் ‘மைட்’ கட்சி.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ‘கெட்’டா, ‘காட்’டா?

என் தோழி ஒருத்திக்கு ஒரு நிறுவனத்தில் மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடிந்தது. நான்காவதாக ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில்: செலக்ட் ஆனால் எப்போது சேர முடியும்? இவள் யோசித்து, கூடுமானவரை மரியாதையாக இருக்கட்டும் என்று பதில் எழுதினாள். ‘இஃப் ஐ காட் த ஆஃபர், ஐ வுட் ஜாயின் வித்தின் ஃபிஃப்டீன் டேஸ்.’ போனில் இருக்கும் கிராமர் செக்கர் ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. மறுநாள் ஹெச்.ஆர் போன் செய்து கேட்ட முதல் கேள்வி: “வேறு ஏதாவது ஆஃபர் கையில் இருக்கிறதா? இன்னும் முடிவு பண்ணவில்லையா?”

இவளிடம் வேறு ஆஃபர் எதுவும் இல்லை. இந்த ஒரு வேலையைத்தான் நம்பியிருந்தாள்.

என்ன நடந்தது? ‘இஃப் ஐ கெட்’ என்றால் ‘கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, கிடைத்தால் இதைச் செய்வேன்’ என்று பொருள். ‘இஃப் ஐ காட்’ என்றால் ‘கிடைக்கும் என்று நான் எண்ணவில்லை, ஒரு பேச்சுக்குக் கிடைத்ததாக வைத்துக்கொண்டால் இப்படிச் செய்யலாம்’ என்று பொருள். இரண்டுமே வருங்காலம்தான். ‘காட்’ என்பது பாஸ்ட் டென்ஸ் ஆயிற்றே, அது நடந்து முடிந்ததைத்தானே சொல்லும் என்று பலரும் நினைக்கிறோம். ‘இஃப்’ வந்துவிட்டால் அந்த பாஸ்ட் டென்ஸ் காலத்தைக் காட்டாது. தூரத்தைக் காட்டும். அந்த விஷயம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. ‘மழை பெய்தால் லீவு விடுவார்கள்’ என்போம். ‘சென்னையில் ஐஸ் மழை பெய்தால் லீவு விடுவார்கள்’ என்றும் சொல்வோம். இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’, ஒரே ‘விடுவார்கள்’. நடக்கக்கூடியது எது, சும்மா சொல்வது எது என்பதைக் குரலும் சூழ்நிலையும் சொல்லிவிடும். இங்கிலீஷ் அப்படி விடாது. நவம்பர் மாதம், கலெக்டர் லீவு அறிவிப்பாரா என்று காலை ஐந்து மணிக்கே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ‘இஃப் இட் ரெயின்ஸ், ஸ்கூல்ஸ் வில் பீ க்ளோஸ்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதே பிள்ளை ஸ்விட்சர்லாந்து வீடியோ பார்த்துவிட்டுச் சென்னையில் பனி கொட்டினால் எப்படி இருக்கும் என்று கனவு கண்டால், ‘இஃப் இட் ஸ்னோட் இன் சென்னை, ஸ்கூல்ஸ் வுட் பீ க்ளோஸ்ட்.’ முதல் வாக்கியத்தில் மேகம் தெரிகிறது. இரண்டாவதில் வெறும் ஆசைதான்.

இவற்றை நம் டீச்சர்கள் ஃபர்ஸ்ட் கண்டிஷனல், செகண்ட் கண்டிஷனல் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். டைப் ஒன்று, டைப் இரண்டு என்றும் சில புத்தகங்களில் இருக்கும். எனக்கு இந்தப் பெயர்கள் பிடிக்காது. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, எதற்கு எது என்பதை மறந்துவிடுகிறோம். ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ புத்தகத்தில் இதற்கு ‘இஃப் ஐ டூ’, ‘இஃப் ஐ டிட்’ என்றே தலைப்பு வைத்திருக்கிறார். எவ்வளவு எளிமை!

தோழியிடம் ஏன் ‘வுட்’ போட்டாய் என்று கேட்டேன். “அதுதானே மரியாதை” என்றாள். இந்த எண்ணம் நம் ஊரில் ரொம்ப ஆழமாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. மற்றவரிடம் ஒன்றைக் கேட்கும்போது ‘வுட் யூ ஓப்பன் த டோர்?’ என்பது ‘வில் யூ’வைவிடப் பணிவானது. ஆனால், நாம் செய்யப்போவதைச் சொல்லும்போது ‘ஐ வுட் கம் டுமாரோ’ என்றால் அதில் மரியாதை கூடுவதில்லை, சந்தேகம்தான் கூடுகிறது. கேட்பவர், ‘வருவேன், ஆனால்...’ என்று அந்த ‘ஆனால்’ எங்கே என்று காத்திருப்பார். ‘ஐ வில் கம் டுமாரோ’ என்பதே போதும். அதில் ஒரு திமிரும் இல்லை.

கிராமர் செக்கர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால், கண்டுபிடிக்க அங்கே பிழையே இல்லை. உங்களுக்கு வேலைமேல் நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த வாக்கியத்தை மட்டும் பார்க்கும் செயலிக்கு எப்படித் தெரியும்?

தோழி அன்று மாலையே ஒரு வரி எழுதி அனுப்பினாள். ‘இஃப் யூ சென்ட் த ஆஃபர் லெட்டர் திஸ் வீக், ஐ வில் ஜாயின் ஆன் த ஃபர்ஸ்ட்.’ இந்த வாரம் லெட்டர் அனுப்பினால் ஒன்றாம் தேதி சேர்ந்துவிடுவேன். லெட்டர் வந்தது.

அதற்காக ‘வுட்’டைக் கண்டாலே ஓட வேண்டாம். சம்பளம் பேசும்போது அதுதான் கைகொடுக்கும். ‘இஃப் யூ இன்க்ரீஸ்ட் த பேஸிக் பே எ லிட்டில், ஐ வுட் சைன் டுடே.’ அடிப்படைச் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் இன்றே கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதையே ‘இஃப் யூ இன்க்ரீஸ், ஐ வில் சைன்’ என்றால் நேரடியான நிபந்தனையாகக் காதில் விழும். ‘இன்க்ரீஸ்ட்’, ‘வுட்’ என்று ஒரு அடி தள்ளி நின்று கேட்கும்போது, எதிரே இருப்பவர் மறுக்கவும் இடம் கிடைக்கிறது, உங்கள் கௌரவமும் குறைவதில்லை. வாடகை குறைக்கச் சொல்லிக் கேட்கும் இடத்திலும் இதே கதைதான்.

‘இஃப் ஐ வேர்’ என்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. செகண்ட் கண்டிஷனலில் ‘ஐ’க்குப் பிறகும் ‘ஹி’க்குப் பிறகும் ‘வாஸ்’ வராமல் ‘வேர்’ வருவதுதான் பழைய, முறையான வழக்கம். பியான்சே 2008-ல் பாடிய பாட்டின் தலைப்பே ‘இஃப் ஐ வேர் எ பாய்’தான். பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்று சொல்பவர்கள் இங்கிலாந்திலேயே நிறைய. எழுத்திலும் தேர்விலும் ‘வேர்’ போட்டுவிடுங்கள். ‘இஃப் ஐ வேர் யூ’ என்று அறிவுரை சொல்லும் இடத்தில் பேச்சிலும் ‘வேர்’ சொல்வதுதான் பாதுகாப்பு.

தேர்வு என்றதும் இன்னொன்று. வெளிநாட்டுப் படிப்புக்காக ஐ.இ.எல்.டி.எஸ் எழுதுபவர்கள் கவனிக்க: ஸ்பீக்கிங், ரைட்டிங் இரண்டிலும் மார்க் போடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று இலக்கணம். அதில் சரியாக எழுதுகிறீர்களா என்பதோடு, விதவிதமான வாக்கிய அமைப்புகளைக் கையாளுகிறீர்களா என்றும் பார்ப்பார்கள். இந்த இரண்டு ‘இஃப்’களையும் இடமறிந்து சொல்பவருக்கு அங்கே லாபம்.

அடுத்து, நம் ‘ஆல்’ செய்யும் இன்னொரு குறும்பு. ‘பொழுது விடிஞ்சா கல்யாணம், இன்னும் பூ வாங்கலை’ என்று வீட்டில் யாராவது பதறுவார்கள். பொழுது விடியுமா, விடியாதா என்று அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் ‘விடிந்தால்’ என்கிறோம். தமிழ் ‘ஆல்’ நடந்தாலும் நடக்கலாம் என்பதற்கும் வரும், நடந்தே தீரும் என்பதற்கும் வரும். இங்கிலீஷில் முதலாவது ‘இஃப்’, இரண்டாவது ‘வென்’.

எங்கே மாட்டிக்கொள்வோம்? போனில் அப்பாவைக் கேட்கிறார்கள். ‘அப்பா வந்தால் சொல்கிறேன்’ என்பதை அப்படியே ‘இஃப் மை ஃபாதர் கம்ஸ் ஹோம், ஐ வில் டெல் ஹிம்’ என்று சொன்னால், அப்பா வீட்டுக்கு வருவதே நிச்சயம் இல்லை என்பதுபோல் ஆகிவிடும். பாவம், அவர் கடைக்குத்தான் போயிருக்கிறார். ‘வென் மை ஃபாதர் கம்ஸ் ஹோம்’ என்பதே சரி. கவனித்தீர்களா, ‘வென்’ வந்தபோதும் ‘வில் கம்’ இல்லை, ‘கம்ஸ்’தான். ‘இஃப்’புக்குச் சொன்ன விதி ‘வென்’, ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘அன்டில்’, ‘அஸ் சூன் அஸ்’ எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இப்போது ஒரு சந்தேகம் வர வேண்டும். ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்’ என்று எத்தனையோ படங்களில் கேட்டிருக்கிறோமே, அது தப்பா?

தப்பில்லை. அங்கே இருப்பது வேறு ‘இஃப்’. இதைப் பிரித்துப் பார்க்க இலக்கணப் புத்தகம் வேண்டாம், நம் தமிழே போதும். மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வந்தால்’ என்று முடிந்தால் ‘வில்’ கூடாது. ‘வருவாரா என்று’ என முடிந்தால் ‘வில்’ தாராளமாக வரலாம். ‘அவர் வந்தால் சொல்லுங்கள்’ - ‘டெல் மீ இஃப் ஹி கம்ஸ்.’ ‘அவர் வருவாரா என்று சொல்லுங்கள்’ - ‘டெல் மீ இஃப் ஹி வில் கம்.’ பின்னதில் ‘இஃப்’பை எடுத்துவிட்டு ‘வெதர்’ போட்டாலும் அர்த்தம் மாறாது. ‘வென்’னுக்கும் இதே சோதனைதான். ‘வந்ததும் போன் செய்’ என்றால் ‘கால் மீ வென் ஹி கம்ஸ்’. ‘எப்போது வருவார் என்று தெரியவில்லை’ என்றால் ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’.

என்னைக் கேட்டால், தமிழில் யோசித்து இங்கிலீஷில் பேசாதே என்று சொல்லும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் தவறவிடுவது இந்த மாதிரி இடங்களைத்தான். சில நேரம் தமிழில் யோசிப்பதுதான் குறுக்கு வழி.

‘ஆல்’ வந்தும் ‘வில்’ வரும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஹோட்டல் ரிசப்ஷனில், ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் த மேனேஜர்’ என்பார்கள். தயவுசெய்து இங்கே காத்திருந்தால் மேனேஜரை அழைக்கிறேன். இந்த ‘வில்’ காலத்தைச் சொல்லவில்லை, ‘உங்களுக்குச் சம்மதமானால்’ என்ற பொருளில் வருகிறது. இதைக் கேட்டால் புரிந்துகொண்டால் போதும். நாமாகச் சொல்லிப் பழக அவசரம் இல்லை.

‘வராவிட்டால்’ என்பதற்கு ‘அன்லெஸ்’. இதற்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது. அதனால், ‘அன்லெஸ் யூ டோன்ட் பே பை ஃப்ரைடே’ என்று ஃபீஸ் நோட்டீஸில் எழுதினால், வெள்ளிக்கிழமைக்குள் கட்டியவர்களுக்குத்தான் அபராதம் என்று ஆகிவிடும்! ‘அன்லெஸ் யூ பே’ அல்லது ‘இஃப் யூ டோன்ட் பே’, இரண்டில் ஒன்று.

அதேபோல ‘இன் கேஸ்’. நம் ஊரில் ‘இஃப்’ போட வேண்டிய இடத்தில் எல்லாம் இதைப் போடுகிறோம், கொஞ்சம் கனமாக இருக்கிறது என்பதால். ‘மழை பெய்தால் குடையை எடுத்துக்கொள்’ வேறு, ‘மழை வந்தாலும் வரும், குடையை எடுத்துக்கொள்’ வேறு. முதலாவது ‘டேக் த அம்ப்ரெல்லா இஃப் இட் ரெயின்ஸ்’. மழை பெய்யும்போதுதான் குடை. இரண்டாவது ‘டேக் த அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்’. மழை வருவதற்கு முன்பே, இப்போதே குடை. அம்மாக்கள் எப்போதும் சொல்வது இரண்டாவது.

நடந்து முடிந்துபோனதைப் பற்றிய ‘வந்திருந்தால்’, ‘படித்திருந்தால்’ எல்லாம் அடுத்த வாரம். இப்போது வழக்கம்போல வீட்டுப்பாடம். மூன்றே மூன்று. விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முயற்சி செய்யுங்கள்.

ஒன்று: ‘லோன் கிடைக்குமா என்று பேங்கில் கேட்டுப் பார்.’

இரண்டு: ‘சம்பளம் வந்ததும் திருப்பித் தருகிறேன்.’

மூன்று: ‘மாப்பிள்ளையைப் பிடித்தால் சொல்லி அனுப்புகிறோம்.’

முதலாவதில் ‘கிடைக்குமா என்று’ வருவதால் ‘வில்’ உண்டு: ‘ஆஸ்க் த பேங்க் இஃப் வி வில் கெட் த லோன்.’ இரண்டாவது, சம்பளம் நிச்சயம் வரும் என்ற நம்பிக்கையில், ‘ஐ வில் பே யூ பேக் வென் ஐ கெட் மை சேலரி.’ இங்கே ‘இஃப்’ போட்டால் கடன் கொடுத்தவருக்கு அன்று தூக்கம் வராது. மூன்றாவது, ‘இஃப் வி லைக் ஹிம், வி வில் லெட் யூ நோ.’ யாராவது ‘இஃப் வி லைக்ட் ஹிம், வி வுட் லெட் யூ நோ’ என்று மெசேஜ் அனுப்பினால், மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிடலாம்.